தெரியாத பெயரை விசாரிக்கும் வேலை

"தம்பி, சிஸ்டம் ஆன் ஆகுறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்திரலாம். என்னென்னமோ பேர்ல ஏதேதோ ஓடுது. எல்லாத்தையும் தூக்கிருங்க."

தென்காசி கடைகளில் கணினி பார்க்கப் போகும் எனக்கு இது பழகிய குரல். "தூக்குறது அப்புறம் அண்ணாச்சி, முதல்ல யாரு என்னன்னு பார்ப்போம்" என்பேன். என் தொழிலில் பாதி அந்த விசாரணைதான்.

ஒரு கடையின் ஸ்டார்ட்டப் பட்டியலை வாசித்தால் அங்கே என்ன பிழைப்பு நடக்கிறது என்று தெரிந்துவிடும். இ-சேவை மையமென்றால் கைரேகைக் கருவிக்கான ஆர்.டி. சர்வீஸ் இருக்கும். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் மென்பொருளும், டேலி லைசென்ஸைப் பார்த்துக்கொள்ளும் சர்வீஸும். டிடிபி கடையில் தமிழ் தட்டச்சுக்கான என்ஹெச்எம் ரைட்டரோ அழகியோ. பக்கத்து மத்தளம்பாறையில் எழுதப்படும் சோகோ மென்பொருள்களில் பெரும்பாலானவை பிரவுசருக்குள்ளேயே ஓடிவிடுகின்றன. ரேகைக் கருவி, டோக்கன் மென்பொருள்கள் அப்படியல்ல, கணினிக்குள் உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். அவற்றின் பெயர்களோ இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கங்கள். பார்த்தால் வைரஸ் போலவே இருக்கும். பயந்துபோய் ஆர்.டி. சர்வீஸை நீக்கினால் மறுநாள் காலையில் ஆதார் ரேகை பதியாது. ஆய்க்குடியிலிருந்து பஸ் ஏறி வந்த பாட்டி திரும்பிப் போக வேண்டியதுதான்.

இந்தப் பெயர்கள் பதிந்திருக்கும் இடங்களில் ஒன்று ரெஜிஸ்ட்ரி, விண்டோஸின் பதிவேடு. 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் சிறியதாக வந்தது. விண்டோஸ் 95-இல் பெரும்பாலான அமைப்புகள் அதற்குள் குடியேறின. கணினி திறந்ததும் எதை ஓட்ட வேண்டும் என்பது 'ரன்', 'ரன்ஒன்ஸ்' என்ற சாவிகளில், அதாவது பதிவேட்டின் தனிப் பிரிவுகளில், இருக்கிறது. கணினி முழுமைக்கும் ஒரு தொகுதி, உள்நுழையும் பயனருக்கு ஒரு தொகுதி. இவை போக ஸ்டார்ட்டப் ஃபோல்டர், டாஸ்க் ஷெட்யூலர், சர்வீஸ்கள் என்று வேறு வாசல்களும் உண்டு. டாஸ்க் மேனேஜர் எல்லா வாசலையும் காட்டாது. அதனால் நான் நம்புவது சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸை. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதியது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அவர்களின் நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது.

ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட்டில் அழித்ததைத் திரும்ப எடுக்க 'அன்டூ' கிடையாது. அழுத்தியதும் எழுதியாகிவிடும். எனவே சாவியை முதலில் எக்ஸ்போர்ட் செய்து, தேதி போட்டு வேறு டிரைவில் வைப்பேன். ரீஸ்டோர் பாயின்டும் போடுவேன். சிஸ்டம் புரொடெக்‌ஷன் பல கணினிகளில் அணைந்தே கிடக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான். எக்ஸ்போர்ட் செய்த கோப்பைத் திரும்ப ஏற்றினால் அழிந்தவை வந்துவிடும், ஆனால் இடையில் புதிதாகச் சேர்ந்தவை போகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அதைவிட நல்லது, அழிக்காமல் நிறுத்தி வைப்பது. டாஸ்க் மேனேஜரில் 'டிசேபிள்' கொடுத்தால் ரன் சாவியில் உள்ள வரி அப்படியே இருக்கும். நிறுத்திய குறிப்பு மட்டும் வேறொரு சாவியில் எழுதப்படும். ஆட்டோரன்ஸில் டிக்கை எடுத்தாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நிறுத்துவேன். நாலைந்தைச் சேர்த்து நிறுத்தினால், எது எதைக் கெடுத்தது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளின் நிரந்தர விருந்தாளி ஷார்ட்கட் வைரஸ். பென்டிரைவில் உள்ள ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை வைக்கும். தொட்டால் ஒரு ஸ்கிரிப்ட் ஆப்டேட்டாவிலோ டெம்ப்பிலோ போய் உட்கார்ந்து ரன் சாவியில் பெயரைப் பதிந்துகொள்ளும். பதிவில் முதலில் தெரிவது 'டபிள்யூஸ்கிரிப்ட்'. அது மைக்ரோசாஃப்ட் கையெழுத்துள்ள விண்டோஸின் சொந்தக் கோப்பு, குற்றமற்றது. அதன் பின்னால் எழுதியிருக்கும் கோப்புதான் ஆள். அதனால் வரியைக் கடைசி எழுத்து வரை படிக்க வேண்டும். ரன் வரியை மட்டும் அழித்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் அடுத்த நொடியே அதைத் திரும்ப எழுதிவிடும். முதலில் ஓட்டத்தை நிறுத்து, பிறகு வரி, பிறகு கோப்பு, பிறகு ஷெட்யூலர். மறைந்த ஃபோல்டர்களை 'அட்ரிப்' கட்டளை மீட்டுத் தரும். அவற்றைத் திரும்பப் பார்க்கும்போது கடைக்காரர் முகம் மலர்வதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர் மென்பொருள்களை நான் போடுவதில்லை, யாருக்கும் பரிந்துரைப்பதுமில்லை. ஆளில்லாத சில நூறு சாவிகள் கிடப்பதால் கணினி மெதுவாகாது. விண்டோஸ் தனக்கு வேண்டிய சாவியை நேராகப் போய்த்தான் எடுக்கிறது. கிளீனர்களின் பயன்பாட்டை மைக்ரோசாஃப்டும் ஆதரிப்பதில்லை. 2017-இல் அப்படியொரு மென்பொருளான சிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே வேவு நிரலைப் புகுத்திவிட்டார்கள். தயாரிப்பாளரின் முறையான கையெழுத்தோடு அது 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போனது. மெதுவாக ஓடும் கணினியில் நான் முதலில் பார்ப்பது ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையை.

குற்றாலம் லாட்ஜ்களுக்கு இன்னொரு விதி. சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் கொட்டும் சனி, ஞாயிறுகளில் ரிசப்ஷன் கணினியின் ரெஜிஸ்ட்ரியைத் தொடமாட்டேன். அறைக்குக் காத்து நிற்பவர்களை வைத்துக்கொண்டு செய்யும் வேலையல்ல இது. செவ்வாய், புதன் ராத்திரி போய், யூபிஎஸ் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருவேன். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து, மேனேஜர் கையாலேயே ஒரு பில் அடிக்கச் சொல்வேன்.

சுத்தம் செய்யவே கூடாத கணினிகளும் உண்டு. உள்நுழைவைக் கவனிக்கும் 'வின்லாகான்' சாவியில் 'ஷெல்' எதிரே எக்ஸ்ப்ளோரர் மட்டும்தான் இருக்க வேண்டும். 'யூசர்இனிட்' எதிரே சிஸ்டம்32-இல் உள்ள அதே பெயர்க் கோப்பு. காற்புள்ளிக்குப் பின்னால் அறியாத ஒன்று ஒட்டியிருந்து, அது பேங்க் வேலை நடக்கும் கணினியாகவும் இருந்தால் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுவேன். கோப்புகளைப் பிரதியெடுத்து, ஸ்கேன் செய்து, விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும். பாஸ்வேர்டுகளை அன்றைக்கே வேறொரு கணினியிலிருந்து மாற்றச் சொல்வேன்.