அறுகு போன இடத்தில் தும்பை

செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர் அது. விடிந்தும் விடியாத நேரத்தில் அந்த வீட்டு மருமகள் பரங்கிக் கொடிகளுக்குள் குனிந்தபடி நடப்பார். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவுவார். பரங்கிப் பூ காலையில் விரிந்து உச்சிக்குள் சுருங்கிவிடும். அதற்குள் அரை ஏக்கரையும் முடிக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்ப வேண்டும். விட்டுப்போன பூவின் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

தேனீ வந்தால் இந்தப் பாடு இல்லை. ஆனால் பரங்கி பூக்காத மாதங்களில் தேனீக்குத் தீனி வேண்டுமே? முன்பு வரப்போரம் நிறைந்திருந்த தும்பையும் ஆவாரையும் களைக்கொல்லியில் போய்விட்டன. கிணற்று மேட்டை ஒட்டி ஐந்து சென்ட் நிலம் அறுகு மண்டிச் சும்மாதான் கிடந்தது. அதில் பூச்செடிகளைக் கொண்டுவரலாம் என்று குடும்பம் முடிவு செய்தது.

ஆடியில் ஒரு மழை பெய்ததும் மகன் டிராக்டரை வரவழைத்து ரோட்டவேட்டர் ஓட்டினார். மண் மாவாகிவிட்டது. அன்றே விதையைத் தூவினார்கள். இருபது நாளில் முன்னைவிட அடர்த்தியாக அறுகுதான் எழுந்தது. பார்த்த மாமியார் சிரித்துவிட்டார்.

“டேய் தம்பி, அறுகை அழிக்கலடா நீ. நறுக்கி நறுக்கி நட்டிருக்க.”

அவர் சொன்னது சரியே. அறுகின் தண்டு தரைமேலும் ஓடும், தரைக்கடியிலும் ஓடும். அதில் ஒவ்வொரு கணுவும் ஒரு விதைக்கரணை மாதிரி. ஈர மண்ணில் துண்டாக்கிப் பரப்பினால் துண்டுக்கு ஒரு செடி வரும்.

அடுத்த சித்திரையில் வேலை மாமியார் சொன்னபடி நடந்தது. ஐந்து சென்ட்டையும் தொடவில்லை. இரண்டு சென்ட் மட்டும். வரப்பு அறுகையும் விட்டுவிட்டார்கள். அது வரப்பு மண்ணைப் பிடித்து நிறுத்துகிற புல். தண்ணீர் தேங்கும் மூலையில் கோரை இருந்தது. அதன் கிழங்கு ஆழத்தில் கிடப்பதால் அந்த மூலையும் தப்பியது.

கோடை மழையில் மண் பதமானதும் மண்வெட்டியால் வெட்டிப் புரட்டி, கட்டியை உடைத்து, கொடியையும் வேரையும் கையால் பொறுக்கினார்கள். நல்ல பகுதியை அலசி மாட்டுக்குப் போட்டார்கள். மீதியைப் பாறைமேல் காயவிட்டார்கள். மண்ணில் தங்கிய துண்டுகள் கத்திரி வெயிலில் சருகாகட்டும் என்று அப்படியே போட்டுவைத்தார்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பொறுக்கல். மருமகளுக்கு இடுப்பு ஒடிந்தது.

“அத்தை, ரெண்டு கூடை எரு கொட்டட்டுமா?”

“வேணாம்மா. எரு போட்டா புல்லுதான் கொழுக்கும். தும்பைக்கு இந்த மண்ணே போதும்.”

தொழு உரத்தோடு களை விதையும் வந்து சேரும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

ஆடி மழைக்கு நிலம் பச்சையானது. விதைக்கத் துடித்த மகனை மாமியார் தடுத்தார். முளைத்த களையைக் களைக்கொத்தால் மேலாகச் சுரண்டினார்கள். ஆழமாகக் கிளறினால் அடியில் உறங்கும் விதை மேலே வந்துவிடும். பதினைந்து நாள் கழித்து மீண்டும் சுரண்டல். பார்த்தீனியம் கண்ணில் பட்டால் பூக்குமுன் வேரோடு பிடுங்கினார்கள்.

ஆவணியில் விதைப்பு. ஊர்ப் புறம்போக்கில் சேகரித்த தும்பை விதை பொடிசு. மணலோடு கலந்து தூவி, காலால் மிதித்துவிட்டார்கள், மண் மூடவில்லை. ஆவாரை விதையின் தோல் கெட்டி. சொரசொரப்பான கல்லில் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினார்கள். துத்தியை மட்டும் சேர்க்கவில்லை. பக்கத்துக் கொல்லையில் வெண்டை இருக்கிறது. மாவுப்பூச்சி துத்தியில் தங்கி அங்கே போகும்.

“காசு செலவு பண்ணிக் களையை வளர்க்கிறாங்க” என்று ஊரில் கேலி பேசினார்கள். மார்கழியில் தும்பை வெள்ளையாகப் பூத்தது. ஆவாரை பாதிதான் முளைத்தது. அது பூக்க இன்னும் காலம் ஆகும். அறுகும் முழுதாகப் போகவில்லை. வாரம் ஒரு முறை ஓரத்தில் தலைகாட்டும் கொடியைப் பிடுங்கியே ஆக வேண்டும்.

மாசியில் பரங்கி பூத்தபோது மருமகள் வழக்கம்போல் விடியலில் போனார். தும்பைப் பக்கமிருந்த நான்கு பாத்திகளில் அவருக்கு முன்பே தேனீக்கள் பூவுக்குள் புகுந்திருந்தன. அவற்றை விட்டுவிட்டு மற்றப் பாத்திகளுக்கு மட்டும் கை வைத்தார். வீடு திரும்பியபோது பிள்ளைகள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மருந்து அடிக்க வேண்டி வந்தால் பூ சுருங்கிய மாலையில்தான் என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீதி மூன்று சென்ட்டில் ஒரு சென்ட்டை வருகிற சித்திரையில் வெட்டுவதாக உத்தேசம். இப்போதைக்கு அங்கே மாடு மேய்கிறது.