நெஞ்சில் ஏறிய பாரம்

"விடியப்புறம் பேய் அமுக்குது பிள்ளை. மூச்சு முட்டுது, கத்தவும் ஏலாது" என்றார் எங்கள் மகளிர் குழு அக்கா ஒருவர். 2009இல் கணவரை இழந்தவர். வருவது அவர்தானோ என்று நித்திரையையே விட்டிருந்தார். சமூகவியல் படித்த நான், "மனக்கவலைதான் அக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

போன மாசியில் எனக்கே அது வந்தது. அதன்பிறகுதான் தேடி வாசித்தேன். கனவு காணும் நித்திரையில் கிளைசின், காபா என்னும் இரசாயனங்கள் தசைகளை இயக்கும் நரம்புக்கலங்களை அடக்கிவிடுகின்றன. கனவில் ஓடினாலும் கால் அசையாதது இதனால்தான். டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் தளர்ந்துவிட, பிரிமென்றகடுதான் மூச்சை இழுக்கிறது. அந்த அடக்கம் நீங்குமுன் விழிப்பு வந்தால், ஆழமாக இழுக்கப் பார்த்தும் நெஞ்சு எழாது. அதுதான் அந்தப் பாரம். மூச்சு நிற்பதில்லை, சிறிது நேரத்தில் தானாகவே விலகும். நித்திரை குழம்பியவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் கூடுதலாக வரும். நம்மில் யாருக்குத்தான் நித்திரை குழம்பவில்லை?

அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டு விளக்கினேன்.

"அப்ப அது அவர் இல்லையோ?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போது ஒருக்களித்துப் படுக்கிறாராம்.