அம்மா தெரிந்தெடுத்த சிவப்பு

வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் நான் நகம் பூசுகிறேன். என்னுடைய நகத்தையல்ல. ஹேர்னிங்கில் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக் கிழவிகளின் நகத்தை. என் நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டு, ஒன்றும் பூசாமல், மொட்டையாகவே இருக்கவேண்டும். பராமரிப்பு வேலையில் மோதிரமும் கூடாது, மணிக்கூடும் கூடாது, நகப்பூச்சும் கூடாது. பூச்சின் வெடிப்புகளிலும் நீண்ட நகத்தின் அடியிலும் கிருமி தங்கும் என்பதுதான் காரணம். இருபது வருடத்துக்கு மேலாக இப்படித்தான். மற்றவர்களுக்குப் பூசுகிற கை வெறுங்கையாக இருப்பது ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அங்கே தொண்ணூறைத் தாண்டிய ஒரு மூதாட்டி இருந்தார். இளமையில் இந்த ஊரின் பின்னலாடைத் தொழிற்சாலையொன்றில் தைத்தவர். ஹேர்னிங்கைச் சுற்றியுள்ள பகுதி ஒருகாலத்தில் வெறும் புதர்த்தரை. பயிர் விளையாத அந்த மண்ணில் இருந்தவர்கள், ஆண் பெண் என்றில்லாமல், மாரிகாலம் முழுக்க ஒன்றாகக் கூடியிருந்து கம்பளிக் காலுறை பின்னினார்களாம். அதைத் தோளில் சுமந்து நாடெங்கும் விற்கத் திரிந்தார்கள். அந்த வியாபாரத்திலிருந்துதான் பின்னாளில் தொழிற்சாலைகள் வந்தன. 1913இல்தான் ஹேர்னிங்குக்கு நகர உரிமை கிடைத்தது. ஆக, காலுறையால் எழும்பிய ஊர் இது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

அந்த மூதாட்டிக்கு எப்போதும் ஒரே சிவப்புத்தான். வேறு நிறம் காட்டினால் தலையை ஆட்டிவிடுவார். ஒருநாள் பூசிக்கொண்டிருக்கும்போது, கணவர் செத்து முப்பது வருடம் என்று சாதாரணமாகச் சொன்னார். என் கை ஒருகணம் நின்றுவிட்டது. அவர் அதைக் கவனித்திருக்கவேண்டும். ஏன் என்று கேட்டார். எங்களூரில் கணவனை இழந்தவர்கள் சிவப்பு அணிவதில்லை என்றேன். அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னுடைய சிவப்பு. அவருடையது அல்லவே" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு டெனிஷ் போதவில்லை. தமிழிலும் போதியிருக்காது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் நகப்பூச்சைக் கியூடெக்ஸ் என்றுதான் சொல்வோம். அது ஒரு கம்பனியின் பெயர் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. 1911இல் அமெரிக்காவில் நகத்தடித் தோலை அகற்றும் திரவத்தோடு தொடங்கிய பெயர் அது. எங்கள் வீட்டில் கியூடெக்ஸுக்கு இடமில்லை. மருதோன்றிதான். இலையைத் தேசிக்காய்ப்புளி விட்டு அம்மியில் அரைத்து, உள்ளங்கை நடுவில் ஒரு பெரிய வட்டம், சுற்றிவரப் புள்ளிகள், விரல் நுனிகளுக்குத் தொப்பி. அந்தக்காலத்து நக அலங்காரம் அவ்வளவுதான். கியூடெக்ஸில் நிறத்தை நாங்கள் தெரிந்தெடுக்கலாம். மருதோன்றியில் அது முடியாது. விடிய எழும்பிக் கழுவினால் என்ன சிவப்போ அதுதான் சிவப்பு. நல்லாய்ச் சிவந்தால் புருசன் பாசமாய் இருப்பான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சிவக்காவிட்டால் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

1986 ஆவணியில் எனக்குக் கலியாணம். அம்மாதான் அரைத்து வைத்தா. நன்றாகவே சிவந்தது. மூன்று மாதத்தில் அவர் டென்மார்க்குக்கு வெளிக்கிட்டார். உள்ளங்கைச் சிவப்பு சில கிழமையில் போய்விடும். நகத்தில் அப்படியல்ல. மருதோன்றியின் சாயம் நகத்தின் புரதத்தோடு பிணைந்துவிடுவதால், நகம் வளர்ந்து வெட்டுப்பட்டால்தான் அது போகும். கைநகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீற்றர் அளவில் வளரும். அவர் போனபோது அடிநகம் வெள்ளைப் பிறையாகத் தெரிந்தது. ஆறாம் மாதம் நுனியில் ஒரு கீற்று. பிறகு அதுவும் இல்லை.

1987 செப்டெம்பரில் டென்மார்க்கின் அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைக் கவனிக்காமல் நிறுத்திவைக்கச் செய்தார். சட்டத்தில் இருந்த உரிமை அது. ஆனால் கோப்புகள் அசையவில்லை. 1989 தொடக்கத்தில்தான் மறுபடி அசைந்தன. இந்த விவகாரத்தால் 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995இல் விசேட நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. இதையெல்லாம் பின்னாளில் பத்திரிகைகளில் படித்தேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கலியாணச் சிவப்பு நகத்திலிருந்து போய் இரண்டு வருடமாகியும் விசா வரவில்லை என்பதுதான்.

அந்தக் காத்திருப்புக்கு இடையில், 1987 ஐப்பசியில், ஷெல் விழுந்து அப்பா போனார். அம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. பொட்டு அழிந்தது. வளையல் போனது. நான் 1989இல் வெளிக்கிடும்போது வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை. தான் முன்னுக்கு நிற்கக்கூடாது என்று சாமியறைக் கதவுக்குப் பின்னால் நின்றா. அம்மாவே அப்படி நினைத்தா. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கமுடியாத விசயம்.

அறுபது வயது தாண்டிய பெற்றோரை எடுப்பிக்க அப்போது இங்கே சட்டம் இடம் கொடுத்தது. 1997இல் அம்மா வந்து சேர்ந்தா. வெள்ளையும் சாம்பலும் வெளிர்நீலமுமாகச் சேலைகள். நெற்றியில் விபூதி. இங்கே ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று எத்தனையோ தரம் சொல்லிப்பார்த்தேன். "ஆரும் சொல்லுறதுக்காகவே நான் இருக்கிறன்?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுவா. கோயிலில் எம்மவர்கள் கூடும்போது பின்வரிசைதான். ஊரை விட்டு ஏழாயிரம், எட்டாயிரம் கிலோமீற்றர் வந்தும் அந்தப் பின்வரிசை கூடவே வந்திருந்தது.

2024 ஆவணியில் என் மகளுக்கு ஹேர்னிங் சித்திவிநாயகர் கோயிலில் கலியாணம். நகத்துக்குச் சிவப்பு வாங்கவேண்டும் என்று பிரெட்கேட வீதிக்குப் போனோம். "அம்மம்மா வந்தால்தான் நான் வருவன்" என்று மகள் பிடிவாதம். அம்மா வரும்போது கைப்பையில் கூறைச்சேலையின் சட்டைத்துண்டைக் கொண்டுவந்திருந்தா. எனக்கு அந்த யோசனை வரவேயில்லை.

கடையில் பதினைந்து இருபது சிவப்புப் போத்தல்கள். எல்லாம் ஒன்றுபோலத்தான் எனக்குத் தெரிந்தன. மகள் போத்தலின் அடியில் ஒட்டியிருந்த பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா பெயரைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வாசலடிக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் துண்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தா. "கடை லைற்றிலை எல்லாம் பொய். இது வெட்சிப்பூ, உள்ளுக்கு மஞ்சள் கிடக்கு. இது செவ்வரத்தை, நல்லது, ஆனால் சேலைக்கு மேலாலை கத்தும். இது நாவற்பழம், கிட்டக் கறுப்பு." கடைசியில் ஒன்றை வைத்திருந்தா. "இது மாதுளம் முத்து. உள்ளுக்கு நீலம் ஓடுது. எங்கடை நிறத்துக்கு இதுதான் எடுக்கும். ஒரு விரலிலை பூசிப் பார்."

பூசிப் பார்த்தோம். அவ சொன்னது சரியாக இருந்தது. மஞ்சள் கலந்த சிவப்பு, நீலம் கலந்த சிவப்பு என்று அழகுக்கலை படித்தவர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். அம்மாவிடம் அது பூவிலும் பழத்திலும் இருந்தது. முப்பத்தேழு வருடம் சிவப்பைத் தொடாத மனுசிக்குச் சிவப்பில் இத்தனை வகை ஞாபகம் இருந்திருக்கிறது.

பூசியது ஒரு வியட்நாமியப் பெண்ணின் கடையில். இங்கே நகக்கடைகள் பலவற்றில் வியட்நாமியர்கள்தான். அதற்கும் ஓர் அகதிக்கதை உண்டு. 1975இல் கலிபோர்னியாவின் அகதி முகாமொன்றுக்குப் போன நடிகை டிப்பி ஹெட்ரனின் நகங்களைப் பார்த்து அங்கிருந்த வியட்நாமியப் பெண்கள் ஆசைப்பட, அவர் தன் நக ஒப்பனைக்காரியை வரவழைத்து இருபது பேருக்கு அந்தத் தொழிலைப் பழக்குவித்தார். அதிலிருந்து அது ஒரு சமூகத்தின் பிழைப்பாகப் பரவியது. மொழி தெரியாதவளுக்கும் கை இருக்கிறது அல்லவா?

மகளுக்கு எட்டு விரலிலும் வெறும் சிவப்பு. மோதிரவிரல்கள் இரண்டில் மட்டும் கூறையின் கோபுரக்கரையைப் பொன்னிறத்தில் மெல்லிய தூரிகையால் வரைந்தாள் அந்தப் பெண். பத்து விரலிலும் வேலைப்பாடு வேண்டுமென்று மகள் நின்றாள். "சேலையிலும் கரை ஓரத்திலைதானே இருக்கு" என்று அம்மா சொன்னதோடு பேச்சு முடிந்தது. ஜெல் பூச்சு வேண்டாம் என்றது நான். விளக்கில் இறுகவைக்கும் அந்தப் பூச்சிலுள்ள சில பொருட்களால் சிலருக்குத் தீராத ஒவ்வாமை வந்துவிடுகிறது. அப்படிப் பாவித்த ரி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டெம்பர் 1 முதல் தடைசெய்தும்விட்டது. சாதாரணப் பூச்சே போதும். கடுஞ்சிவப்பு நகத்தில் மஞ்சள் கறை விடும், ஆகவே முதலில் நிறமற்ற அடிப்பூச்சு. பிறகு இரண்டு மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சைப் படலமாக நிற்கவைக்கிற நைற்றோசெல்லுலோஸ், புகையில்லா வெடிமருந்துக்கும் மூலப்பொருள். எங்களைத் துரத்தியதற்கும் எங்களை அலங்கரிப்பதற்கும் ஒரே பொருள் என்பதைப் படித்தபோது சிரிப்பதா என்று தெரியவில்லை.

கலியாணம் முடிந்தபின் அந்தப் போத்தலைக் காணவில்லை. தேடிவிட்டு விட்டுவிட்டேன்.

2025 ஜனவரியில் வாசலில் உறைபனி சறுக்கி அம்மா விழுந்தா. இடுப்பெலும்பு முறிவு. சத்திரசிகிச்சைக்கு முன், கைகால் நகங்களில் பூச்சு இருந்தால் எடுத்துவிடும்படி தாதி சொன்னாள். விரலில் மாட்டும் கருவி இரத்தத்தின் ஒட்சிசனை வெளிச்சத்தால் அளப்பது, பூச்சு இருந்தால் கணக்குப் பிழைக்கலாம். கால்விரலின் நிறத்தைப் பார்த்து இரத்த ஓட்டத்தையும் கவனிப்பார்கள். எண்பத்தெட்டு வயது விதவைத் தாயிடம் இதைக் கேட்கிறாளே என்று எனக்குள் சிரித்துக்கொண்டு அம்மாவின் சொக்ஸைக் கழற்றினேன்.

பத்து விரலிலும் மாதுளம் முத்து.

பழைய பூச்சல்ல. ஒரு கிழமைக்கு உட்பட்டது. ஓரமெல்லாம் ஒழுங்காக, இரண்டு மெல்லிய பூச்சு. நான் நிமிர்ந்து பார்த்தேன். வலியோடு படுத்திருந்த அம்மா முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டா.

"ஆர் பூசினது?"

"பிள்ளைதான். ஒவ்வொரு மாசமும் வருவாள்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா. "சொக்ஸுக்குள்ளைதானே. ஆர் பாக்கப் போகினம்?"

தாதி தந்த பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். சிவப்பு பஞ்சில் வந்தது. 1987இல் அம்மாவின் பொட்டை அழித்தவர்களில் நானும் ஒருத்தி. ஊரார் சுற்றிநிற்க, பெரியம்மா சொல்ல, ஈரத்துணியை நீட்டியது நான்தான். இப்போது மறுபடியும் என் கைதான் துடைக்கிறது. இம்முறை காரணம் அம்மா உயிரோடு இருக்கவேண்டும் என்பதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு பலநாள் யோசித்தேன். நான் முற்போக்காக எத்தனையோ பேசியிருக்கிறேன். பொட்டு வை அம்மா, சிவப்புச் சேலை உடு அம்மா என்று நச்சரித்திருக்கிறேன். அதுவும் ஒரு கட்டளைதான் என்று இப்போது தோன்றுகிறது. அழி என்று ஊர் சொன்னது, வை என்று மகள் சொன்னாள். உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டது பேத்தி மட்டும்தான். கேட்டபோது அம்மாவிடம் மறுமொழி இருந்தது. அதுவும் நுணுக்கமான மறுமொழி. மற்றவர் கண்ணில் படுவதற்கல்லாத ஒரு சிவப்பை, காலுறையால் எழும்பிய இந்த ஊரில், காலுறைக்குள்ளே அவ வைத்திருந்தா.

இது விடுதலையா, ஒளித்து வைத்ததால் இன்னும் அடிமைத்தனமா என்று இந்தப் பக்கங்களில் யாராவது விவாதிக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒளித்து வைத்தாலும் அது அம்மா தெரிந்தெடுத்தது.

சித்திரையில் அம்மா ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிவிட்டா. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து அவவின் கால்நகம் வெட்ட உட்கார்ந்தேன். வெட்டி முடித்தும் காலை இழுக்கவில்லை. தலையணைக்கு அடியில் கைவிட்டு அந்தப் போத்தலை எடுத்து என் பக்கத்தில் வைத்தா. ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாம் பூச்சுக்குத் தூரிகையை எடுத்தபோதுதான் வாயைத் திறந்தா. "அவசரப்படாதை. முதல் பூச்சுக் காயட்டும்."

காத்திருந்தோம். காய்ந்தபின் பூசினேன். அதுவும் காய்ந்தபின், "சரி, சொக்ஸைப் போடு, குளிருது" என்றா.