செய்தி எழுதுறவங்களுக்கு யார் காவல்?

நவம்பர் மாதம் வந்தால் நம் சுவர் இதழில் எல்லாரும் நேரு மாமாவைப் பற்றித்தான் எழுதுவோம். போன வருஷம் நானும் ரோஜாப்பூ வரைந்தேன். இந்தத் தடவை 14-ஆம் தேதியை விட்டுட்டு 2-ஆம் தேதியைப் பற்றி எழுதுகிறேன். பத்திரிகையாளர்களைத் தாக்குறவங்க தண்டனை இல்லாமல் தப்பிக்கக் கூடாது என்பதற்காக ஐ.நா. சபை அறிவித்த நாள் அது. 2013-ல் அதே தேதியில், ஆப்பிரிக்காவில் மாலி என்ற நாட்டுக்குச் செய்தி சேகரிக்கப் போன பிரான்ஸ் வானொலிக்காரர்கள் இரண்டு பேரைக் கடத்திக் கொன்றுவிட்டார்கள். அதனால்தான் அந்தத் தேதி.

உனக்கு எதுக்கு இந்தக் கவலை என்று கேட்பீர்கள். என் சித்தப்பா ஒரு நிருபர். நிருபர் என்றதும் டி.வி.யில் மைக் பிடிக்கிறவர் என்று நினைச்சிடாதீங்க! சித்தப்பாவுக்குப் பிழைப்பு ஜெராக்ஸ் கடைதான். செய்தி அனுப்புவது பகுதி நேரம். ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள், அது பெட்ரோலுக்கே காணாது. ஆனாலும் அவர் வண்டியில் ‘பிரஸ்’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

கோடையில் எங்க கண்மாயில் ராத்திரி ராத்திரியாகச் சவடு மண் அள்ளினார்கள். அனுமதி வாங்கியது கொஞ்ச ஆழத்துக்கு. தோண்டியதோ ஒரு ஆள் ஆழத்துக்கு மேலே. சித்தப்பா போட்டோ எடுத்து அனுப்பினார், பேப்பரில் வந்தது. மறுநாள் சாயங்காலம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. அப்பத்தாவிடம் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, “ஆத்தா, உங்க மகனை ரோட்டுல பாத்துப் போகச் சொல்லுங்க, லாரி போற ரோடு” என்றார்கள். அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரியே அப்பத்தா மண்ணெண்ணெய் தொட்டு அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துடுச்சு.

இதுக்குச் சட்டம் இல்லையா என்று எனக்கு அன்றைக்குத்தான் கேள்வி வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், டாக்டரையோ நர்ஸையோ தாக்கக் கூடாது என்று எச்சரிக்கை எழுதியிருக்கும். அது நம் தமிழ்நாட்டில் 2008-ல் வந்த சட்டம். 3 வருஷம் முதல் 10 வருஷம் வரை ஜெயில். பஸ் கண்டக்டரை அடித்தால் ‘அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தல்’ என்று வழக்குப் போடுவார்கள். ஆனால் நிருபர் அரசு ஊழியர் இல்லையே! அவரை அடித்தால் தெருச் சண்டையில் அடிப்பதும் அதுவும் ஒரே கணக்குதான்.

நிருபர்களுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் முதலில் கொண்டு வந்தது மகாராஷ்டிரா. அங்கே மும்பையில் 2011 ஜூன் 11-ஆம் தேதி ஜே.டே என்ற பத்திரிகையாளரை நடுரோட்டில் சுட்டுக் கொன்றார்கள். தாதாக்களைப் பற்றித் துணிச்சலாக எழுதியவர் அவர். சோட்டா ராஜன் உள்பட 9 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2018-ல்தான். நடுவில் 7 வருஷம்! பத்திரிகையாளர்கள் ரொம்ப நாள் போராடி, 2017-ல் சட்டம் சட்டசபையில் நிறைவேறியது. அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்க 2019 ஆகிவிட்டது. வேலையில் இருக்கும் பத்திரிகையாளரைத் தாக்கினால் 3 வருஷம் வரை ஜெயில், அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்கணும். ஆஸ்பத்திரிச் செலவை அடித்தவர்தான் கட்டணும். பத்திரிகையாளர் பொய்ப் புகார் கொடுத்தால் அவருக்கும் தண்டனை உண்டு. அது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு இடத்தில்தான் எனக்கு இடிக்குது. பத்திரிகை வேலையையே முக்கியத் தொழிலாக வைத்து, ஒரு நிறுவனத்தில் நிரந்தரமாகவோ ஒப்பந்தத்திலோ வேலை பார்க்கிறவர்தான் அந்தச் சட்டப்படி பத்திரிகையாளர். எங்க சித்தப்பா மாதிரி ஜெராக்ஸ் கடைக்காரர் எந்தக் கணக்கில் வருவார்? கிராமத்துச் செய்தி எல்லாம் இவர்களை மாதிரி ஆட்களால்தானே வெளியே வருது?

சட்டீஸ்கர் மாநிலத்திலும் 2023 மார்ச்சில் இப்படி ஒரு சட்டம் சட்டசபையில் நிறைவேறியது. அதற்கு இரண்டு வருஷம் முடிவதற்குள், பீஜப்பூரில் முகேஷ் சந்திராகர் என்ற இளைஞர் 2025 ஜனவரி 1-ஆம் தேதி காணாமல் போனார். ‘பஸ்தர் ஜங்ஷன்’ என்று யூடியூப் நடத்தியவர். 2021-ல் மாவோயிஸ்டுகள் பிடித்து வைத்திருந்த ஒரு சி.ஆர்.பி.எஃப். வீரரைக் காட்டுக்குள் போய் மீட்டு வந்தவர்களில் ஒருவர். துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம் போய்த் திரும்பி வந்தார். ரோடு போட்டதில் ஊழல் என்று செய்தி வந்த பிறகு உயிரோடு இல்லை. 3-ஆம் தேதி, புதிதாகச் சிமெண்ட் பூசிய செப்டிக் டேங்கில் அவர் உடல் இருந்தது. அதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம்ம பல்லடம் பக்கத்திலும் 2024 ஜனவரியில் நேசபிரபு என்ற டி.வி. நிருபரை அரிவாளால் வெட்டினார்கள். தன்னை ஆட்கள் பின்தொடருகிறார்கள் என்று அதற்கு முன்னாலேயே போலீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்திருக்கிறார். அவர் பிழைத்துக்கொண்டார். அப்போது நம் மாநிலத்தில் நிருபர்களுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. இருந்திருந்தாலும், போன் அடிக்கும்போதே ஆள் வந்தால்தானே உதவி? வெட்டின பிறகு எத்தனை வருஷம் ஜெயில் என்பது அதற்கு அடுத்த பேச்சு.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். “சட்டம் வந்தா நல்லதுதான் பாப்பா. ஆனா ஸ்டேஷன்ல புகாரை எழுதி வாங்கணுமே” என்று சிரித்தார். செய்தி அனுப்புவதை அவர் நிறுத்தவில்லை. பேப்பரில் ‘நமது நிருபர்’ என்றுதான் வரும், பேர் வராது. கண்மாய்ப் பக்கம் போனால் இப்போது இன்னொரு பேப்பர் நிருபரையும் கூட்டிக்கொண்டுதான் போகிறார். எந்த ரோட்டில் போகிறார், எத்தனை மணிக்கு வருவார் என்று சித்தியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். போன வெள்ளிக்கிழமைச் சீட்டில் 9 மணி என்று இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டது பத்தே காலுக்கு. அதுவரைக்கும் அப்பத்தா சாப்பிடாமல் வாசல்லயே உட்கார்ந்திருந்துச்சு.