காரமான தாகசாந்தி

டெக்கிலா என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். மெக்சிகோ தேசத்தில் ஜாலிஸ்கோ மாநிலத்தில் இருக்கிறது. மணப்பாறை என்றதும் முறுக்கும், திண்டுக்கல் என்றதும் பூட்டும் ஞாபகம் வருகிற மாதிரி, அந்த ஊரின் பெயரைச் சொன்னால் உலகத்தார் கண்முன் ஒரு மதுப் புட்டி வந்து நிற்கிறது. அரியலூர்க்காரனான எனக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அக்கா மகன் மூலமாக வந்த சம்பந்தம்!

அக்கா பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். இரண்டு ஏக்கர் நிலம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் போடுவாள். அத்தான் குடித்தே போனவர். ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, நாற்பத்தாறாவது வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடினார். அப்போது பையனுக்குப் பத்து வயது. அன்று முதல் அக்காவின் வாயிலிருந்து 'குடி' என்ற சொல்லே வந்ததில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம்கூட, "தண்ணீர் சாப்பிடுங்க" என்றுதான் சொல்வாள்.

பையன் கேட்டரிங் படித்தான், சிங்கப்பூர் போனான். ஓட்டலில் வேலை என்று எழுதினான். ஓட்டல் என்றால் அக்காவுக்குத் தெரிந்தது இட்லிக் கொப்பரையும் சாம்பார் வாளியும்தான். "என் மகன் நாலு பேருக்குச் சோறு போடுகிறான்" என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள்.

சென்ற சித்திரையில் அவன் லீவில் வந்தான். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூரில் இறங்கித்தான் பஸ் பிடிக்க வேண்டும். இறங்கியவன் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் நேரே என் வீட்டுக்கு வந்தான். காபி ஆறிக்கொண்டிருந்தது. அவன் தலை நிமிரவில்லை.

"மாமா, நான் அடுப்படியில இல்லே. பார்ல இருக்கேன். மதுவும் பழரசமும் கலந்து கொடுக்கிற வேலை. நான் குடிக்கிறதில்லே, சத்தியம். அம்மாகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

"நான் சொன்னால் ஒப்புக்கொள்கிற விஷயமாடா இது? உன் வாயாலேயே சொல்லு. நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றேன்.

இருவருமாகக் கிளம்பினோம். சுமார் 30 கிலோமீட்டர் பிரயாணம். வழியில் ஒரு காட்டு வேலியைக் காட்டி, "மாமா, அதோ பாருங்க டெக்கிலா!" என்றான். நான் பார்த்தபோது ஊசி முனையோடு மடல் விரித்து நின்றது நம் ஆனைக் கற்றாழை. ரயில் பாதை ஓரங்களில் வளர்வதால் ரயில் கற்றாழை என்றும் சொல்வார்களே, அதுதான். முகத்துக்குப் பூசுகிற சோற்றுக் கற்றாழை வேறு, இது வேறு. இதன் பூர்வீகம் மெக்சிகோ. இதன் ஒன்றுவிட்ட தம்பியான நீலக் கற்றாழையைத்தான் அங்கே டெக்கிலாவுக்காகப் பயிர் செய்கிறார்கள். ஆறேழு வருஷம் வளர்த்து, மடல்களைச் சீவி எறிந்துவிட்டு, பெரிய அன்னாசிப் பழம் போல் இருக்கும் நடுக்குருத்தை வேகவைத்துப் பிழிந்து, புளிக்கவைத்து, காய்ச்சி வடிக்கிறார்கள். சட்டம் வரையறுத்த பிரதேசத்துக்கு வெளியே வடித்ததற்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று 1974 முதல் சட்டமே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் வேலிக் கற்றாழையை வெட்டிப் பரீட்சை பார்க்க வேண்டாம். அதன் பச்சைச் சாறு தோலில் பட்டால் அரித்துத் தடித்துவிடும். தவிர, வீட்டில் சாராயம் காய்ச்சுவது குற்றம். கள்ளச் சாராயத்தின் கதி என்ன என்பதை எங்களுக்கு வடக்கே கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் உலகமே பார்த்தது. மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று.

வீட்டுக்குப் போனதும் பையன் சூட்கேஸைக்கூடத் திறக்கவில்லை. "அம்மா, நான் அங்கே என்ன வேலை செய்யறேன்னு உனக்குச் செய்து காட்டறேன்" என்று அடுப்படிக்குள் நுழைந்தான். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் செய்த விதத்தைச் சொல்கிறேன். வீட்டில் உள்ள பெண்மணிகள் குறித்துக்கொள்ளலாம்.

நான்கு டம்ளருக்கு அளவு இது: அரை டம்ளர் தண்ணீரில் நாலு மேஜைக் கரண்டி நாட்டுச் சர்க்கரையைப் போட்டுச் சுட வைத்து, கரைந்ததும் இறக்கினான். ஒரு பச்சை மிளகாயைக் கீறி, லேசாக நசுக்கி, விரல் நுனி அளவு இஞ்சியையும் தட்டி, அந்தச் சூடான பாகிலேயே போட்டு மூடினான். "மிளகாயின் காரம் சாராயத்தில் சுலபமாக இறங்கும், தண்ணீரில் லேசில் இறங்காது. அதனாலே சூட்டில் ஊறணும்" என்றான். விதையில்தான் காரம் என்று நாம் நினைக்கிறோம்; உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில்தான் அது அதிகம். காரம் ஆகாதவர்கள் அந்த நரம்பைச் சுரண்டிவிடலாம்.

பத்து நிமிஷம் கழித்து வடிகட்டி ஆறவிட்டான். அதன் பிறகே மூன்று எலுமிச்சம் பழங்களையும் இரண்டு சாத்துக்குடிகளையும் பிழிந்து சேர்த்தான். சூட்டில் பிழிந்தால் மணம் போய்விடும். ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு டம்ளர் பானைத் தண்ணீர். மூடி போட்ட தூக்கில் ஐஸ் கட்டியோடு ஊற்றி, உடுக்கை அடிக்கிற மாதிரி குலுக்கினானே பார்க்கலாம்! அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பிறகு டம்ளர் விளிம்பில் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து, உப்பும் மிளகாய்த் தூளும் கலந்த தட்டில் கவிழ்த்து எடுத்து, ஊற்றிக் கொடுத்தான்.

புளிப்பு, இனிப்பு, உப்பு, கடைசியில் தொண்டையில் ஓர் உறைப்பு. சித்திரை வெயிலுக்கு அதைவிடச் சிறந்த தாகசாந்தியை நான் அறியேன்.

"நம்ம பானகம்தானேடா! சுக்குக்குப் பதிலா மிளகாய் போட்டிருக்கே. உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றாள் அக்கா.

அவன் தயங்கினான். நான் தொண்டையைக் கனைத்தேன். "அம்மா, அங்கே இதிலே இன்னொண்ணும் சேரும். 50 மில்லி டெக்கிலா. மது. அதைக் கலந்து கொடுக்கிறதுதான் என் வேலை."

அக்காவின் கை டம்ளரோடு அப்படியே நின்றது. கொல்லையில் கோழி கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வெகு நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"ஒருத்தன் போதும் போதும்கிற அளவுக்குக் குடிச்சுட்டு, இன்னும் ஊத்துன்னு கேட்டா என்ன செய்வே?"

"ஊத்த மாட்டேம்மா. நிதானம் தப்பினவங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு எங்க இடத்திலே கண்டிப்பு. பச்சைத் தண்ணீர் கொடுத்து, டாக்சி வரவழைச்சு ஏத்தி அனுப்புவோம்."

"உங்க அப்பாவுக்கு அப்படி ஒருத்தன் கிடைக்கலியேடா" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீதியிருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.

அன்று இரவு திண்ணையில் படுத்திருந்தபோது அந்தத் தாகசாந்தியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மிளகாய் நம்முடையது அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அதுவரை நமக்கு உறைப்பு என்றால் மிளகுதான். மிளகுக்கு ஈடாக வந்த காய், மிளகாய் ஆயிற்று. எலுமிச்சை இனமோ ஆசியாக் கண்டத்துச் சொத்து. அராபியர் கைமாறி, ஸ்பெயின் தேசம் போய், 1493-ல் கொலம்பஸ் தம் இரண்டாம் பிரயாணத்தில் அதன் விதைகளைக் கப்பலேற்றினார். அப்படித்தான் அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் கொடுத்த காரமும் நாம் கொடுத்த புளிப்பும் ஒரு டம்ளரில் சேர்ந்திருக்கின்றன. வேலிக் கற்றாழை வேலியிலேயே நிற்கட்டும். ருசிக்கு ஒரு குறையும் இல்லை.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களிலும் வெள்ளியிலும் நடை திறக்கும். அந்த நாட்களில் தரிசனம் முடித்து வருகிற உறவினர்களுக்கு அக்கா இப்போது இந்தப் பானகத்தைத்தான் கொடுக்கிறாள். உப்பை மட்டும் குறைத்துவிட்டாள். "என் மகன் சிங்கப்பூர்ல செய்யறது" என்று சொல்லவும் தவறுவதில்லை. முழுவதையும் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

பையன் வாரத்துக்கு ஒரு முறை போன் செய்கிறான். சம்பளம் எவ்வளவு, சாப்பாடு எப்படி என்றெல்லாம் அவள் விசாரிப்பதில்லை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:

"இந்த வாரம் எத்தனை பேருக்குப் பச்சைத் தண்ணீர் கொடுத்தே?"