உம்மாவின் பன்பாய்

அஸர் தொழுத பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு கீரிக் கடற்கரைக்குப் போவேன். பட்டினத்திலிருந்து நடந்தே போகலாம். ஒரே பாதை, ஒரே பக்கம், ஒரே இடம். நேற்று உட்கார்ந்த இடத்தில் யாராவது வலையைக் காயப்போட்டிருந்தால் அன்றைக்கு உட்காரவே மாட்டான். அங்குள்ள மீனவர்களுக்கு இப்போது இது தெரியும். அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் வலையை விரிக்கிறார்கள். விரல்களை விரித்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, அதன் இடுக்கு வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். தோணியொன்று கரைக்கு வந்துவிட்டால் மட்டும் எழும்பி நின்று சொல்வான்:

"ஏறு மகன், ஏறு. ஒண்டுமில்ல."

குரல் அவனுடையதல்ல, எங்கள் உம்மாவுடையது. உம்மா 'மகன்' என்பதை இழுக்கும் அதே இழுப்பு, 'ஒண்டுமில்ல' என்பதற்கு முன்னால் மூச்சு வாங்கும் அதே இடைவெளி. உம்மா புத்தளத்தில் மௌத்தாகி இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவவின் குரல் எந்த ஒலிநாடாவிலும் பதிவாகவில்லை.

தம்பிக்கு இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தானாகப் பேசும் சொற்களை விரல்விட்டு எண்ணலாம். மற்றதெல்லாம் எப்போதோ யாரோ சொன்னது. நாங்கள் அதைக் கிளிப்பிள்ளைப் பேச்சு என்றோம். அர்த்தமில்லாதது என்று நினைத்தோம். படித்தவன் என்று பெயரெடுத்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பதினேழு. அதைப் பற்றி எங்கள் எழுத்தாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது ஒரு பாயைப் பற்றி.

கைக்குழந்தையாக இருந்த காலத்திலேயே தம்பி யாரும் தொட்டால் கத்துவான். மாமிமார் கன்னத்தைத் தடவினால் தீ சுட்டதுபோல் துள்ளுவான். ஆனால் உம்மா ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தா. அவன் கட்டுமீறிக் கத்தும்போது பன்பாயில் படுக்கவைத்து இறுக்கிச் சுருட்டி, பக்கத்தில் தானும் படுத்து ஒரு காலைத் தூக்கி மேலே போட்டுக்கொள்வா. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவான், சில நேரம் தூங்கியும் விடுவான். பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. "மையத்தைச் சுத்துற மாதிரி சுத்துறாளே" என்றார்கள். ஏற்கெனவே, வயிற்றில் பிள்ளை இருக்கையில் கிரகணம் பார்த்தவள் என்று ஒரு பழி அவ மீது இருந்தது. நூல் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், பேய் என்றார்கள். பாடசாலையொன்று ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பியது.

வெளிக்கிட்ட அன்று கரையில் ஒரே சனம். அழுகை, எஞ்சின் சத்தம், டீசல் மணம். அவன் தோணியில் ஏற மறுத்துத் தரையில் விழுந்து தலையை அடித்துக்கொண்டான். உம்மா "ஏறு மகன், ஏறு" என்று கெஞ்சினா. அவவின் கக்கத்தில் அந்தப் பாய் இருந்தது. ஆளுக்கொரு பைக்கே இடமில்லாத தோணியில் பாய் எதற்கு என்று அதைப் பறித்துக் கரையில் எறிந்தவன் நான். பிறகு நாலு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கி அவனை உள்ளே போட்டோம். கல்பிட்டி வரைக்கும் கத்தினான். குரல் போய் வெறும் காற்று வந்தபோதும் கத்தினான். சாச்சா ஒரு முறை அறைந்தார். உம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஓட்டிசம் என்ற சொல்லை முதன்முதலில் கொழும்பில் ஒரு டொக்டரின் வாயால் கேட்டேன். அப்போது உம்மா இல்லை. சொல் கிடைத்ததில் ஆறுதல் இருந்தது, விளக்கம் இருக்கவில்லை. டொக்டர்மார் எழுதியதையெல்லாம் தேடி வாசித்தேன். 1943 இல் லியோ கனர் பதினொரு பிள்ளைகளைப் பார்த்து எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கும் எழுத்து அது. கூர்மையான அவதானிப்புத்தான், ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே நின்று வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது. வெளியே நின்றே தீர்ப்புச் சொன்னவர்களும் உண்டு. புரூனோ பெட்டல்ஹைம் 1967 இல் வெளியிட்ட நூலில், தாயின் அன்பற்ற குணமே காரணம் என்று பழியைத் தாய்மார் தலையில் போட்டார். எங்கள் ஊர்க் கிழவிகள் கிரகணத்தைச் சொன்னதற்கும் அமெரிக்கப் பேராசிரியர் இதைச் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு உள்ளே இருந்து வந்த முதல் குரலாக எனக்குக் கிடைத்தது டெம்பிள் கிராண்டினின் நூல். ஓட்டிசம் உள்ள அந்த அமெரிக்கப் பெண்மணி தன் கதையை 1986 இல் வெளியிட்டார். அணைப்புக்காக ஏங்கியும், யாராவது அணைத்தால் அந்தத் தொடுகையின் வெள்ளத்தைத் தாங்க முடியாமல் விறைத்துப்போனதாக எழுதுகிறார். பதின்ம வயதில் அரிசோனாவில் மாமியின் பண்ணையில் ஒரு காட்சியைக் காண்கிறார். மாடுகளுக்கு ஊசி போடும்போது இரண்டு பக்கமும் பலகையால் அழுத்திப் பிடிக்கும் கூண்டுக்குள் போன மிரண்ட மாடு அமைதியாகிறது. மாமியிடம் சொல்லித் தானே அதற்குள் நுழைந்து அழுத்தச் சொல்கிறார். பதற்றம் தணிகிறது. பிறகு தனக்கென்றே மரப்பலகையில் ஒரு அழுத்தும் இயந்திரம் செய்துகொள்கிறார். மெல்லிய தொடுகை சுடும், இறுக்கமான அழுத்தம் ஆற்றும்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எழுத்து வாசிக்கத் தெரியாத என் உம்மா பன்பாயில் கண்டுபிடித்தது அதுதான்.

பிறகுதான் மற்றவர்களைத் தேடிப் போனேன். டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய் நம் அயலில், மைசூரில் வளர்ந்த பையன். வாயால் அதிகம் பேச முடியாதவன். தாய் சோமா அவன் கையோடு பென்சிலைக் கட்டி எழுதப் பழக்கினார். எட்டு வயதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் அவன் எழுதியவை 2000 ஆம் ஆண்டு லண்டனில் புத்தகமாக வந்தன. உடம்பு துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதுபோல் இருக்கும், கையை அசைப்பதும் சுழல்வதும் அதை ஒன்றுசேர்க்கத்தான் என்கிறான் அவன். தம்பி கையைப் படபடவென்று அடிக்கும்போது "சும்மா இரு" என்று அந்தக் கையைப் பிடித்து அமுக்கிய நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

ஜப்பானிய இளைஞன் நாவோகி ஹிகாஷிடாவின் நூல் 2007 இல் வந்தது, ஆங்கிலத்தில் 2013 இல். மற்றவர்களின் ஞாபகம் கோடுபோலத் தொடர்ச்சியாக இருக்க, தன்னுடையது புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கிறது என்கிறான் அவன். பழையதொன்று திடீரென்று இப்போது நடப்பதுபோல் வந்து மோதுமாம். கீரியில் தோணியைக் கண்டு எழும்பும் தம்பிக்கு அந்த ஒக்டோபர் முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தியதா, இல்லை இப்போதுதானா?

ஒன்றை மறைக்கக்கூடாது. ஹிகாஷிடாவின் எழுத்தில் தாயின் பங்கு எவ்வளவு என்று சந்தேகிப்பவர்கள் இருக்கிறார்கள். சோமா பின்னாளில் மற்றப் பிள்ளைகளுக்கும் கற்பித்த எழுத்துப்பலகை முறையை அமெரிக்கப் பேச்சு, செவிப்புல நிபுணர்களின் சங்கம் 2018 இல் பயன்படுத்த வேண்டாம் என்றது. பலகையைப் பிடிப்பவரே அறியாமல் பிள்ளையை வழிநடத்திவிடலாம் என்பது காரணம். டிட்டோ பின்னர் தன் கையாலேயே எழுதுவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். கிராண்டின் விடயத்தில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் அவரும் ஓரிடத்தில் சறுக்கியவர்தான். ஓட்டிசம் உள்ள எல்லோரும் தன்னைப்போலப் படங்களாகவே சிந்திக்கிறார்கள் என்று முதலில் எழுதி, அது பிழை என்று பிறகு ஒத்துக்கொண்டார்.

இந்தச் சந்தேகங்களை நான் தள்ளிவிடாததற்குக் காரணம் உண்டு. புத்தகங்களை வாசித்த வேகத்தில் நானும் தம்பிக்காகப் பேசத் தொடங்கிவிட்டேன். வருகிற விருந்தாளிகளிடம் "அவனுக்கு இப்படி இருக்கும், அவன் இப்படி நினைக்கிறான்" என்று விளக்கம் சொன்னேன். ஒருநாள் ராத்தா கேட்டா, "உனக்கு அவன் சொன்னானா?" என்று. பாயைப் பறித்த கையால் இப்போது அவன் வாய்க்குள் சொல்லைத் திணித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நாட்டில் பிள்ளைகள் குறைவா என்ன? அரைநகர்ப் பகுதியொன்றில் ஒன்றரை முதல் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் செய்து 2009 இல் வெளியான ஆய்வு 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது. ஆனாலும் தமிழில் நான் வாசித்தவை பெற்றோர் எழுதியவை. யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம் சில புரிதல்கள்' அவற்றில் ஒன்று, ஒரு தகப்பனின் பொறுமையான நூல். அந்தப் பிள்ளைகளே தமிழில் எழுதியதை வாசிக்கக் காத்திருக்கிறேன்.

போன வருடம் கடைத்தெருவில் ஒரு பன்பாய் வாங்கி வந்தேன். விரித்துவிட்டு எட்ட நின்றுகொண்டேன். இரண்டு நாள் அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால், பாயை ஓரத்துக்கு இழுத்துப்போய் மடித்து அதன்மேல் தன் செருப்பை வைத்திருந்தான். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. நான் எடுக்கவில்லை.

கீரிக்குப் போவது நிற்கவில்லை. தோணி வந்தால் இப்போதும் எழும்பி நிற்கிறான். முன்பு அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பேன். இப்போது அவனோடு நானும் எழும்பி நிற்கிறேன். உம்மா பேசி முடிக்கும் வரை நிற்கிறோம்.