தாரும் கிணற்றடியும்

போர்க்காலத்தில் குழிகளுக்கிடையே வாகனம் ஓட்டிப் பழகிய எமக்கு, 2009 இற்குப் பின்னர் குடாநாட்டிற்கு வந்த காப்பெற் வீதிகள் பெரும் ஆறுதலாக அமைந்தன. ஆயினும் தார் தெளித்து அரைமணி நேரம் ஆகாத வீதியால் ஒரு தடவை சென்று வந்தால் போதும். காரின் கதவடியிலும் மட்காட்டிலும் கரும்புள்ளிகள் அம்மைத் தழும்புகளைப் போல ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரத் தண்ணீருக்கு அவை அசையமாட்டா.

காரணம் எளிது. நாம் தார் என்றழைப்பது இன்று பெரும்பாலும் பெற்றோலிய எண்ணெயை வடித்தபின் எஞ்சும் பிற்றுமன். அது நீரோடு சேராது, எண்ணெயோடுதான் சேரும். அதனாலேயே கராஜ்காரர் மண்ணெண்ணெயை நாடுகின்றனர். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை முடுக்கிவிட்டு மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாம். அன்று அதைத் துணியில் ஊற்றிக் கதவு துடைத்திருந்தால் ஊரே சிரித்திருக்கும்!

"தின்னரால ஒருக்காத் துடையுங்கோ அண்ணை, உடன போயிடும்" என்றார் அயலில் உள்ள இளைஞர் ஒருவர். போகும்தான். ஆனால் எனது காரைப் போல உள்ளூரில் மீளப் பெயின்ற் அடித்த பழைய வாகனமாயின் தாரோடு பெயின்றும் போய்விடும். பிளேற்றினால் சுரண்டுவது அதைவிடக் கேடு.

நான் கையாளும் முறை பொறுமையை வேண்டுவது. முதலில் மண்ணும் மணலும் போகும்வரை நீரூற்றிக் கழுவவேண்டும்; இல்லையேல் துடைக்கும்போது மணலே பெயின்றைக் கீறிவிடும். பின்னர் காரை நிழலில் விட்டு, தேங்காயெண்ணெயில் நனைத்த பழைய பருத்தித் துணியைப் புள்ளிகளின் மீது அரைமணி நேரம் ஒட்டி வைப்பேன். புதிய தார் இளகித் துணியோடு வந்துவிடும். மாதக்கணக்கில் வெயிலில் இறுகியதற்கு மட்டுமே மண்ணெண்ணெய். அதுவும் துணியின் நுனியில் சிறிதளவுதான். ரயரிலும் றப்பரிலும் படலாகாது. ஈற்றில் சவர்க்காரமிட்டுக் கழுவி மெழுகு பூசவேண்டும். எண்ணெய் துடைத்த இடத்தில் பழைய மெழுகு எஞ்சியிராது.

இவ்வளவையும் எங்கே செய்வது என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி. எமது வீடுகளில் வாகனம் கழுவும் இடம் பெரும்பாலும் கிணற்றடியே. வற்றாத ஆறு எதுவும் இல்லாத யாழ்ப்பாணத்தில் குடிநீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்தே கிடைத்து வந்துள்ளது. அடியிலுள்ளதோ வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல். மேலே சிந்துவது கீழே போய்ச்சேர அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பாயிற்று. ஒரு வாளி எண்ணெய்த் தண்ணீரை அதனோடு ஒப்பிடுவது மிகையென்று சிலர் கூறக்கூடும். கிணற்றில் எண்ணெய்ப் படலம் மிதப்பதைப் பார்த்தவர்கள் அப்படிக் கூறமாட்டார்கள்.

எனவே தார் துடைக்கும் வேலையைக் கிணற்றடியில் செய்வதில்லை. படலைக்கு அருகே, கதவுக்குக் கீழே பழைய பத்திரிகைகளை விரித்துவிட்டுச் செய்கிறேன். முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதியவனின் வீட்டில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. வழியும் எண்ணெயை அவை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயை முற்றாகத் துடைத்தெடுத்த பின்னரே சவர்க்காரமும் தண்ணீரும். கறுத்த துணிகளும் தாள்களும் மூடியுள்ள பழைய பால்மா ரின்னுக்குள் போய்விடும், அடுப்படிக்குத் தொலைவாக.